உடல் ஒளிக்கும் பசி

உலகத்தில் ஆண்டுதோறும் விளையும் தானியத்தை ஜனங்கள் அனைவருக்கும் பங்கிட்டால் ஒவ்வொருவரும் வயிறு நிறைய உண்பதற்குப் போதும் என்பது கணக்கறிந்தோர் ஒப்புக்கொண்ட செய்தி. அப்படியிருந்தும், 2024-ஆம் ஆண்டில் உடலுக்கு வேண்டிய அளவு ஆகாரம் கிட்டாமல் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 67 கோடியே 30 லட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் அதன் தோழமை நிறுவனங்களும் மதிப்பிட்டிருக்கின்றன. பூமியில் வாழும் பன்னிரண்டு பேரில் ஒருவர் இக்கணக்கில் அடங்குகிறார். சத்துள்ள கலப்புணவை விலை கொடுத்து வாங்க இயலாதவர்களையும் எண்ணினால் தொகை 260 கோடியைத் தொடுகிறது. முதல் எண்ணில் அடங்குவோர் வயிறு நிறையாதவர்கள். இரண்டாவது எண்ணில் வயிறு நிறைந்தும் தேகத்தின் தேவை நிறையாதவர்கள் பெருந்திரளாகச் சேர்ந்துகொள்கிறார்கள். இவ்விரு வகையாரிடமும் பொதுவாகக் காணும் ஓர் இயல்பு உண்டு: நாட்பட்ட பசியை உடல் தானே மறைத்துக்கொள்கிறது. உயிரைக் காக்கும் பொருட்டு அது செய்யும் சிக்கனங்கள் எல்லாம், பிறர் கண்ணுக்கும் சில சமயம் பசித்தவனுடைய கண்ணுக்குமே அந்தப் பசியைத் தெரியாமல் செய்துவிடுகின்றன. ஆகவே முகத்தைப் பார்த்துப் பசியை மதிப்பிடும் பழக்கம் ஒரு சமூகத்துக்குப் போதாது. அளந்து அறியும் சாஸ்திரமும், அறிந்தபின் செயலில் இறங்கும் சித்தமும் அதற்கு வேண்டும்.

மனித தேகம் படுத்துறங்கும்போதுகூடச் சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. இருதயம் துடிப்பதற்கும், சுவாசம் ஓடுவதற்கும், உடற்சூடு நிலைத்து நிற்பதற்கும், பழைய அணுக்கள் அழிந்து புதியவை தோன்றுவதற்கும் அச்செலவு அவசியம். எடையில் உடலின் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, ஓய்வு நிலையில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதையும் சாதாரணமாகக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகவே கேட்கிறது. உணவு நின்றுபோனால் என்ன நடக்கிறது? வறுமை வந்த குடும்பம் முதலில் கையிருப்புக் காசையும், பிறகு குதிரிலுள்ள நெல்லையும், அதுவும் தீர்ந்தபின் வீட்டின் உத்திரத்தையும் கதவையும் விற்று உண்பதுபோல, உடலும் ஒரு வரிசைப்படியே தன் சொத்தை இழக்கிறது. கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற உருவில் சேமித்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் தசைகளிலுள்ள புரதம் கரைந்து அமினோ அமிலங்களாகி, கல்லீரலை அடைந்து, மூளைக்கு வேண்டிய சர்க்கரையாக மாற்றப்படுகிறது. இந்த வேகத்திலேயே தசை கரைந்துகொண்டிருந்தால், இருதயமும் சுவாசத் தசைகளுமே விரைவில் நலிந்து, சில வாரங்களுக்குள் மரணம் நேர்ந்துவிடும். ஆனால் தோலுக்கடியிலும் குடலைச் சுற்றியும் உள்ள கொழுப்பு அப்போது எரியத் தொடங்கி, அதிலிருந்து கீட்டோன்கள் என்னும் பொருள்கள் உண்டாக, சர்க்கரையே வேண்டுமென்று பிடிவாதம் செய்த மூளை அவற்றையும் எரிபொருளாக ஏற்றுக்கொள்ளப் பழகிவிடுகிறது. அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி ஜார்ஜ் கேஹில் 1960-களில் விளக்கிக் காட்டிய இந்த மாற்றத்தினாலேயே, நன்கு உண்டு வாழ்ந்த ஒருவர் தண்ணீர் மட்டும் அருந்திப் பல வாரங்கள் உயிர் தரிக்க முடிகிறது.

ஆயினும் உலகத்தில் பசித்திருப்போருள் மிகப் பெரும்பாலோர் முழுப் பட்டினி கிடப்பவர்கள் அல்லர். நாள்தோறும் சிறிது உண்டு, நாள்தோறும் சிறிது குறைபட்டு, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அரைவயிற்றோடு உழைப்பவர்கள். அத்தகையோர் உடல் எவ்வாறு மாறுகிறது என்பதை இரண்டாம் உலக யுத்தகாலத்து ஆராய்ச்சிகள் இரண்டு விளக்கின. ஒன்று வார்சா நகரத்தில், நாஜிகள் யூதர்களைச் சுவரெழுப்பி அடைத்து வைத்திருந்த பகுதியில் நடந்தது. தாங்களும் பசியால் வாடிக்கொண்டிருந்த யூத மருத்துவர்கள், மருந்தும் உணவும் கொடுத்து நோயாளிகளைக் காப்பாற்ற வகையில்லாத நிலையில், பசி மனித தேகத்தை அழிக்கும் முறையையேனும் வருங்காலத்துக்கு எழுதி வைப்போம் என்று உறுதிகொண்டு, 1942-இல் இரத்தம், இருதயம், கண், தோல் முதலிய ஒவ்வோர் அவயவத்தையும் முறையாகப் பரிசோதித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் ஜனங்களை மரண முகாம்களுக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கியபோது ஆராய்ச்சி நின்றது; அம்மருத்துவர்களில் பெரும்பாலோர் யுத்தம் முடிவதற்குள் மாண்டுபோனார்கள்; அவர்கள் எழுதிய கையெழுத்துப் பிரதி மட்டும் வெளியே கொண்டுசெல்லப்பட்டு 1946-இல் நூலாயிற்று. மருத்துவ வரலாற்றில் இதனினும் உயர்ந்த கடமையுணர்ச்சியைக் காண்பது அரிது.

மற்றொன்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 1944-45-இல் நடத்திய பரிசோதனை. ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராமையால் வேறு தொண்டுக்கு முன்வந்த 36 இளைஞர்கள் தாமாக அதில் சேர்ந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி உணவே அளிக்கப்பட்டது. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது. முடிவில் அவர்கள் எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நாடித் துடிப்பு தளர்ந்தது, உடற்சூடு குறைந்து, வேனிற்காலத்திலும் குளிருகிறதென்று போர்த்துக்கொண்டார்கள், இரத்தம் நீர்த்தது, கால்கள் வீங்கின. இவற்றினும் கவனிக்கத்தக்கது மனத்தில் நேர்ந்த மாறுதல். சிரித்துப் பழகியவர்கள் தனிமையை நாடினார்கள், எதிலும் ஊக்கமின்றிச் சோர்ந்திருந்தார்கள், சமையல் புத்தகங்களைப் பொழுதெல்லாம் புரட்டினார்கள், தட்டை நக்கினார்கள். ஒழுக்கத்திலும் கல்வியிலும் சிறந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கே ஆறு மாதத்தில் இந்நிலை வருமானால், தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றோடு வாழும் ஏழையைப் பார்த்துச் சோம்பேறி என்றும், முன்னேறும் எண்ணமில்லாதவன் என்றும் இகழ்வது எத்தகைய அநீதி! அவன் சோம்பல் என்று நாம் காண்பது, வருவாய் குன்றிய தேகம் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும் செயலேயாகும்.

குழந்தையின் உடலுக்கோ இரட்டைச் செலவு உண்டு. அது வாழவும் வேண்டும், வளரவும் வேண்டும். ஆகாரம் குறைந்தால் உடல் முதலில் நிறுத்தி வைப்பது வளர்ச்சியை. மூன்று வயதுக் குழந்தை இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்தோடு நிற்கும். ஆனால் அளவாகவே குறுகியிருப்பதால் பார்ப்போர் கண்ணுக்கு அது சுகமான சிறு குழந்தையாகவே தோன்றும். தெருவிலுள்ள மற்றக் குழந்தைகளும் அவ்வாறே குறுகியிருந்தால், தாயும் குறையொன்றும் அறியமாட்டாள். இப்படி வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ந்தவர்கள், 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 15 கோடிப் பேர். இந்தியாவில் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு அத்தகைய குழந்தைகள் நூற்றுக்கு 35.5 என்றும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 என்றும் கூறுகிறது. இந்தியர் பிறவியிலேயே குள்ளமானவர்கள், அயல்நாட்டு அளவுகோல் அவர்களுக்குப் பொருந்தாது என்று வாதிப்போர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களிலும் நன்கு பாலூட்டப்பட்டு, சுகாதாரமான சூழ்நிலையில் வளர்ந்த குழந்தைகளை அளந்து பார்த்தது. டில்லிக் குழந்தையும் நார்வேக் குழந்தையும் முதல் ஐந்து வருஷங்களில் ஏறத்தாழ ஒரே விதமாக வளர்ந்தன. இளம்பருவத்து உயரக் குறைவுக்குப் பெருங்காரணம் பிறவி அன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

வளர்ச்சிக்குப் பின் உடல் கைவிடுவது நோயெதிர்க்கும் வலிமையை. குடலின் உட்சுவர் மெலிந்து, உண்டதும் ஒட்டாமல் போகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, அதனால் பசி மந்தப்பட்டு மேலும் மெலிவு உண்டாகிறது. இவ்வாறு பசி நோயையும் நோய் பசியையும் வளர்த்து, ஒன்றன் தோளை மற்றொன்று பற்றிக்கொண்டு வருகின்றன. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளுள் ஏறக்குறைய பாதிப்பேர் சாவில் ஊட்டக்குறைவுக்குப் பங்கு உண்டென்று உலக சுகாதார நிறுவனம் கூறினாலும், மரணப் பதிவேட்டில் காணும் பெயர் பெரும்பாலும் பேதி என்றோ நிமோனியா என்றோதான் இருக்கும். பசி அங்கேயும் மறைந்துகொள்கிறது. சில குழந்தைகளிடம் அது புஷ்டி என்னும் வேஷமே பூண்டு வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டு நாட்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்ததும் பால் மறந்து, மக்காச்சோளக் கஞ்சியிலேயே வளரும் குழந்தைகளுக்குக் கை கால் வீங்கி, தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, தோல் உரிந்து வரும் நோயை 1933-இல் விவரித்தார். நம் நாட்டுத் தாய்மார் சவலை என்று சொல்லும் நிலைக்கு நெருங்கிய இந்த நோய்க்கு மருத்துவ நூல்களில் குவாஷியார்க்கர் என்று பெயர். வீங்கிய கன்னத்தைக் கண்டு குழந்தை தேறிவருகிறது என்று பெற்றோர் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே அது சாவின் வாயிலில் நின்றுகொண்டிருக்கும்.

இத்தகைய குழந்தைக்கு உடனே நிறைய உணவு கொடுப்பதும் ஆபத்து. சிக்கனத்துக்குப் பழகிய தேகத்தில் மாவுப்பொருள் திடீரென்று புகும்போது இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் ஆகிய உப்புகள் அணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இருதயமே நின்றுபோகக்கூடும். ஆகையால் முதலில் உடற்சூட்டைக் காத்து, இரத்தச் சர்க்கரை தாழாமல் பார்த்து, கிருமித் தொற்றுக்கு மருந்தளித்து, புரதம் குறைந்த பால்கலவையைச் சிறிது சிறிதாக இரவும் பகலும் ஊட்டி, சில நாட்களுக்குப் பின்னரே வளர்ச்சிக்குரிய உணவைத் தொடங்குகிறார்கள். வேறு சிக்கலில்லாத குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் வீட்டிலேயே தேற்றுவதற்கு, பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்த் முதலியோர் 1990-களில் வேர்க்கடலை விழுது, பால்மாவு, எண்ணெய், சர்க்கரை, வைட்டமின், தாது உப்புகள் ஆகியவை சேர்ந்த, தண்ணீர் கலக்க வேண்டாத, கெட்டுப்போகாத உணவு ஒன்றை உருவாக்கினார்கள். எந்தக் குழந்தைக்கு இது வேண்டும் என்று அறிவதற்கு ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். எழுத்தறியாத தாயும் இந்த அளவை எடுக்கக் கற்றுக்கொள்ளலாம்.

இனி, வயிறு நிறைந்தும் தீராத பசியைக் கவனிப்போம். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வந்து, முற்றினால் கருவிழி கெட்டுப் பார்வையே போகிறது. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை தோன்றுவதோடு, கர்ப்பத்திலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றுகிறது. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தசோகை உண்டாகிறது. இவற்றில் எது குறைந்தாலும் அதற்காக ஒருவனுக்குப் பசிப்பதில்லை. நம் நாட்டில் இத்துறை ஆராய்ச்சி நீலகிரியிலுள்ள குன்னூரில் தோன்றியது நாம் நினைவில் வைக்கத்தக்கது. ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு ஜனசமூகத்தார் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், கீரை, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்து ஏழையின் உணவை உண்டவை வளர்ச்சியில் பின்தங்கின. தவிட்டோடு போகும் சத்தின் அருமையையும், வயிற்றை நிரப்பும் உணவெல்லாம் தேகத்தை வளர்க்காது என்பதையும் அந்த எலிகள் உலகறியச் செய்தன. அந்த ஆராய்ச்சிக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் தலைவராக இருந்த காலத்தில், வைட்டமின் ஏ-யைக் கல்லீரல் சேமித்து வைக்கும் இயல்பை ஆதாரமாகக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் முறை வகுக்கப்பட்டு, 1970 முதல் தேசிய திட்டமாயிற்று. இமயமலைச் சாரலில் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் 1956 முதல் அயோடின் சேர்ந்த உப்பை வழங்கிப் பரீட்சித்ததில் கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. இன்று நம் சமையலறையில் அயோடின் உப்பு இருப்பதற்கு அப்பரீட்சை ஒரு முதற்காரணம். இரும்புச்சத்து மட்டும் இன்னும் நமக்கு எட்டவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநல ஆய்வு கூறுகிறது. தானிய உணவிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதும், சாப்பாட்டோடு அருந்தும் தேநீர் அதைக் குடலில் சேரவொட்டாமல் தடுப்பதும், மாதவிலக்கும் அடுத்தடுத்த பிரசவங்களும் இரத்தத்தைக் குறைப்பதும், வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைப் பெண் உண்ணும் வழக்கமும் இதற்குக் காரணங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும் என்பது சாஸ்திரம். கீரைக்கும் எலுமிச்சைக்கும் காசும், முதற்பந்தியில் உட்காரும் உரிமையும் பெண்ணுக்கு வேண்டும் என்பது தர்மம்.

பசியின் அளவை யார் கணக்கிடுகிறார்கள், எந்த நோக்கத்தோடு கணக்கிடுகிறார்கள் என்பது லட்சக்கணக்கானோர் வாழ்வையும் சாவையும் நிர்ணயிக்கும் என்பதற்கு நம் சரித்திரமே சான்று. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் முன்னோர் அச்சத்தோடு குறிப்பிட்ட 1876-78 பஞ்சத்தில், தென்னிந்தியா எங்கும் மழை பொய்த்து, சென்னை மாகாணத்து ஜில்லாக்கள் பல பாழாயின. நிவாரண வேலைக்கு வந்து மண் சுமந்த ஆண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், உப்பு புளிக்கு அற்பக் காசும் போதும் என்று வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள் 1877-இன் தொடக்கத்தில் கட்டளையிட்டார். சில வருஷங்களுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவிட்டு உயிர்களைக் காத்து, அதற்காகவே ஊதாரி என்று கண்டனம் பெற்றவர் அவர். சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் மனிதனுக்கு அவ்வளவு போதவே போதாது, தானியத்தின் அளவைக் கூட்டிப் பருப்பும் காய்கறியும் சேர்க்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். ஒரு பவுண்டு தானியத்தில் கிடைப்பது ஏறத்தாழ 1,600 கலோரி. மின்னசோட்டாவில், மருத்துவர் மேற்பார்வையில், கூரையின்கீழ் உறங்கிய இளைஞர்களின் எடையில் நான்கில் ஒரு பங்கைக் கரைத்த அளவும் அதுவே. தாது வருஷத்துக் கூலியாளோ முன்னரே எலும்பும் தோலுமாக நடந்து வந்து, வெயிலில் நாள் முழுதும் மண் வெட்டினான். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர்கள் மீளவில்லை. அப்பஞ்சம் முழுவதிலும் இறந்தோர் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் என்பது சரித்திராசிரியர்களின் மதிப்பு. அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. சென்னைப் பட்டணத்தில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்து நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. நம் நகரத்தின் நடுவில் ஓடும் அந்நீர்வழிக்குப் பசித்த கைகளே கரை கட்டின.

தானியம் இருக்கும்போதே மனிதர் பசியால் இறப்பது எப்படி என்ற வினாவுக்கு அமர்த்தியா சென் 1981-இல் தெளிவான விடை கூறினார். சுமார் முப்பது லட்சம் பேரைப் பலிகொண்ட 1943-ஆம் வருஷத்து வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, அவ்வாண்டு அரிசியின் இருப்பு முந்திய ஆண்டுகளைவிடப் பெரிதும் குறைந்துவிடவில்லை என்றும், யுத்தகாலத்து விலையேற்றத்தின்முன் விவசாயக் கூலியும் மீனவனும் தங்கள் சம்பாத்தியத்தால் அரிசியை எட்டிப்பிடிக்க முடியாமல் போனதே பேரழிவுக்கு மூலம் என்றும் அவர் நிறுவினார். உணவு உண்டு, ஆனால் அதைப் பெறும் வலிமை இல்லை என்ற இந்நிலைதான் இன்றும் யுத்தங்களாலும் வேலையின்மையாலும் விலைவாசியாலும் கோடிக்கணக்கானோரை வாட்டுகிறது. கூலியும் விலையும் பசியின் சாஸ்திரத்தில் வைட்டமினுக்கும் புரதத்துக்கும் சமமான இடம் உடையவை.

நமது ராஜ்யம் இவ்விஷயத்தில் நல்ல பாடம் சில கற்றுக்கொண்டது. சென்னையின் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, பதினெட்டாம் நூற்றாண்டின் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் இன்றும் முதியோர் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகவே வழங்குகிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது, காமராஜர் 1956-இல் பள்ளி மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார்; பின்னர் முட்டை சேர்ந்தது; 2022-இல் காலை உணவும் தொடங்கியது. இவற்றால் பள்ளியில் பிள்ளைகள் பெருகினர். பல சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். ஆயினும் விஞ்ஞானம் ஒரு செய்தியை வலியுறுத்துகிறது: குழந்தையின் உயரமும் மூளையின் அமைப்பும் பெரும்பாலும் நிர்ணயமாவது தாய் கருவுற்ற நாளிலிருந்து குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் நாட்களில். பள்ளியின் தட்டு குழந்தையை எட்டும்போது அப்பருவம் கடந்துவிடுகிறது. இதை உணர்ந்தே 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தையைத் தேர்ந்து, அதற்குத் தனியாக உணவளித்தது. அங்கன்வாடிகளில் இன்று நிறுக்கும் தராசும், தாய்மார் வாங்கிச் செல்லும் சத்துமாவும் அந்த வழியில் வந்தவையே.

ஆகவே இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதில் மர்மம் ஏதுமில்லை. கருவுற்ற பெண்ணுக்குப் போதிய உணவும் இரும்புச்சத்தும் ஓய்வும் கிட்டவேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதற்கு, கூலிவேலை செய்யும் தாய்க்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். ஆறாம் மாதம் முடிந்தபின் நீர்த்த கஞ்சியோடு நின்றுவிடாமல் பருப்பும் முட்டையும் கீரையும் நெய்யும் குழந்தையின் கிண்ணத்தில் சேரவேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் தூயனவாக இருந்து, உண்ட சத்தை வயிற்றுப்போக்கு கொண்டுபோகாமல் தடுக்கவேண்டும். இவையனைத்தையும் வாங்கும் அளவுக்குக் கூலி உயரவேண்டும். ஒவ்வொரு குழந்தையின் எடையும் உயரமும் மாதந்தோறும் பதிவாக வேண்டும்; பதிவேட்டில் ஒரு குழந்தையின் வளர்ச்சிக்கோடு தாழ்ந்தால், அதைக் கண்ட ஊழியர் முதல் ஜில்லா அதிகாரி வரை ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பசித்த உடல் முறையிடாமல் ஒடுங்கிக்கொள்ளும் இயல்புடையது. முறையீடு வரட்டும் என்று காத்திருக்கும் அரசும் சமூகமும் எப்போதும் காலந்தாழ்ந்தே வரும். அதனால் யாரும் கேளாமலே தேடிச் சென்று அளப்பதும், அளந்து கண்ட குறையை அந்த மாதத்திலேயே நிறைப்பதும், தர்மத்தைச் சார்ந்த கொடையாக இல்லாமல் நாட்டின் நித்திய கடமையாக ஏற்கப்பட வேண்டும்.